பூனைப் படமும் மாற்றாள் சீட்டும்

மண்ணூர் விடுதியில் தங்கியிருந்த நாற்பது தொழிற்சாலைப் பெண்களுக்கும் அந்த மாதம் பூனைப் பைத்தியம் பிடித்திருந்தது. ‘மீசைக்கோட்டை’ என்றொரு கார்ட்டூன் படம். மேகத்தின்மேல் பூனைகள் கோட்டை கட்டி வாழ்கின்றன; சாம்பல்நிறக் குட்டி இளவரசனுக்கு வால் தொலைந்துபோகிறது; ஒன்றரை மணி நேரம் தேடி அதைக் கண்டுபிடிக்கிறான். இவ்வளவுதான் கதை. ஆறு வயதுக் குழந்தை பார்த்துச் சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடத் தகுந்த அந்தப் படத்தை, இருபத்து மூன்று வயதுப் பெண்கள் நான்கு முறை பார்த்தார்கள். நான்கு முறையும் இளவரசன் கண்மூடும் இடத்தில் விம்மினார்கள். அடுத்த நிமிடமே அவன் எழுந்து உட்காருவான் என்பது தெரிந்திருந்தும் விம்மினார்கள். கம்பெனிப் பேருந்தில் பூனைக்காது மாட்டிக்கொண்டு ஏறினார்கள். ஒருத்தியை ஒருத்தி பெயர் சொல்லி அழைப்பதை விட்டுவிட்டு மியாவ் என்றார்கள்.

தங்கமாரி ஒரே ஒரு முறை பார்த்தாள். அறைத்தோழிகள் இழுத்துக்கொண்டு போனதால் பார்த்தாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். செல்போன் உதிரிபாகம் பொருத்தும் லைனில் காலை ஷிப்ட் முடித்துவிட்டு, மாலையெல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பவள். இரண்டு ஆண்டுப் படிப்பு. தேர்வு வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில், காஞ்சிபுரத்தில்.

விடுதியின் வாட்ஸ்ஆப் குழுவில் படம் எப்படி என்று கேட்டார்கள். கேட்டதற்கு அவள் பதில் எழுதினாள்: “சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்த படம். நாம அழுவதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.”

அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் அறுபத்தைந்து பதில்கள். இவளுக்கு மனசே இல்லை என்றாள் ஒருத்தி. கலெக்டர் ஆகப்போகிற நினைப்பு என்றாள் இன்னொருத்தி. யாரோ அந்தப் பதிலை வெளியே ரசிகர் குழுவுக்கும் அனுப்ப, பிள்ளைப்பாக்கத்தில் வேறு கம்பெனியில் வேலைபார்க்கும், தங்கமாரி கண்ணால்கூடக் கண்டிராத ஒரு பெண், நேரில் பார்த்தால் முகத்தைப் பிராண்டிவிடுவேன் என்று எழுதினாள். வரையப்பட்ட ஒரு பூனைக்காக உயிருள்ள ஒருத்தியின் முகத்தைக் கிழிக்கத் துணியும் இந்த வீராங்கனைகள், போன மாதம் கேன்டீன் சாம்பாரில் புழு மிதந்தபோது வாயைத் திறக்கவில்லை.

இதுவரை வெறும் கூத்து. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும் அந்தத் தொழிற்சாலையில் ஒரு முறை உண்டு. காலை ஷிப்ட்காரி விடுப்பு எடுக்க வேண்டுமானால், மாலை ஷிப்ட்காரி ஒருத்தி தனக்குப் பதிலாக வருவதாகக் கையெழுத்திட வேண்டும். மாலை ஷிப்ட்காரிக்குக் காலை ஷிப்ட்காரி. அதற்கு மாற்றாள் சீட்டு என்று பெயர். சீட்டு இல்லாவிட்டால் விடுப்பு இல்லை. தங்கமாரிக்குக் கையெழுத்திடுவதாக ஒப்புக்கொண்டிருந்தவள் பாண்டிச்செல்வி. அவள்தான் பூனைக் கூட்டத்துக்குத் தலைவி.

“ஒனக்காவ ரெண்டு ஷிப்ட் பாக்க எனக்கு என்ன தலையெழுத்தா?” என்றாள் பாண்டிச்செல்வி. “எங்க இளவரசனத் தூக்கி எறிஞ்சு பேசிட்டு இப்ப சீட்ட நீட்டுத.”

“படம் வேற, பரீட்சை வேறட்டி.”

“எங்களுக்கு வேற இல்ல. காத மாட்டிக்கிட்டு, மன்னிப்புக் கேட்டு வீடியோ போடு. கடைசில மியாவ் சொல்லணும். போடுதேன் கையெழுத்து.”

தங்கமாரி மற்ற மாலை ஷிப்ட் பெண்களிடம் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தியும் சீட்டைக் கையில் வாங்கவில்லை. லைன் லீடர் ஜெபர்சனிடம் போனாள். மண்ணூர்க்காரர், நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவருடைய அடையாள அட்டையின் மூலையிலும் சாம்பல்நிறப் பூனை ஒட்டப்பட்டிருந்தது.

“இன்னா தங்கமாரி, அத போயி அப்டி சொல்லிட்டியாமே. எம் பொண்ணு அத பாத்துகினு தாம்மா சோறே துன்னுது,” என்றார். “சீட்டு இல்லாம லீவ் குடுக்க முடியாது. ரூல் அப்டி கீது.”

புதன்கிழமை மாலை, மொட்டைமாடியில், கம்பியில் செய்த இரண்டு காதுகளைத் தலையில் மாட்டிக்கொண்டு தங்கமாரி மன்னிப்புக் கேட்டாள். குரல் போதவில்லை என்று இரண்டு முறை திருப்பி எடுத்தார்கள். மூன்றாம் முறை அவர்களுக்குத் திருப்தியாக இருந்தது. பாண்டிச்செல்வி சீட்டை அவள் முதுகிலேயே வைத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும் நேரம். காலைப் பெண்களும் மாலைப் பெண்களும் ஒன்றாக நிற்கையில், ஜெபர்சன் ஒரு கட்டு மாற்றாள் சீட்டுகளோடு வந்தார். படிக்காமலே தாம் ஒப்பமிட்டிருந்த அவற்றை அவர் அப்போதுதான் படித்துப் பார்த்திருந்தார்.

ஞாயிறு பதினோரு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர்த் திரையரங்கில் ரசிகர் காட்சி. அது முடிந்து மாலைவரை ஆட்டமும் கேக் வெட்டுதலும். அதற்குப் போவதற்காகக் காலை ஷிப்ட்காரிகள் மாலை ஷிப்ட்காரிகளின் பெயரை எழுதியிருந்தார்கள். மாலை ஷிப்ட்காரிகள் காலை ஷிப்ட்காரிகளின் பெயரை எழுதியிருந்தார்கள். இவளுக்கு அவள், அவளுக்கு இவள், இருவரும் திரையரங்கில். இப்படிச் சீட்டு எழுதிய இருபத்திரண்டு பேரில் ஒருத்திக்கும் இது உறைக்கவில்லை. இளவரசனின் வால் எங்கே கிடந்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லியிருப்பார்கள்.

“பாண்டிச்செல்வி, காலைல தங்கமாரிக்கு பதிலா நீ. பதினொரு மணிக்கு தியேட்டர்லயும் நீ. எத்தினி பாண்டிச்செல்வி கீறீங்க?”

“அவ பரீட்சையும் அன்னைக்குத்தான்னு எனக்கு நெனப்பு இல்ல சார்.”

“லைன்ல யாரு நிப்பா? பூனை வந்து நிக்குமா? எல்லா சீட்டும் கேன்சல். அல்லாரும் டூட்டிக்கு வர்றீங்க.”

“சார், நான் படத்துக்குப் போவல,” என்றாள் தங்கமாரி. “எனக்குத் தேர்வு. ஹால் டிக்கெட் காட்டுதேன்.”

ஜெபர்சன் அவள் நீட்டியதை வாங்கவில்லை. “உனுக்கு மட்டும் வுட்டா மத்ததுங்க சும்மா வுடாதும்மா. வரலைன்னா திங்கக்கெழம கேட்ல உன் கார்டு வேல செய்யாது. சொல்லிட்டேன்.”

நாற்பது பேரைக் கட்டி மேய்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் மனிதருக்கு, தப்பு செய்தவளையும் செய்யாதவளையும் பிரித்துப் பார்க்கும் சிரமம் எதற்கு என்று தோன்றியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனிப் பேருந்து விடுதி வாசலில் வந்து நின்றது. காலை ஷிப்ட் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். பலருக்கு அழுது முகம் வீங்கியிருந்தது. கடைசியாகத் தங்கமாரி, சீருடை இல்லாமல், சுடிதாரில், கையில் பிளாஸ்டிக் உறையோடு வெளியே வந்தாள். பேருந்தைத் தாண்டி நடந்தாள்.

மாலை ஷிப்டுக்குப் போக வேண்டிய பாண்டிச்செல்வி விடுதி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். “ஏட்டி, ஏறலியா? நீ வரலைன்னா ஒன் வேலையும் என் தலையிலல்லா விழும்.”

“கையெழுத்துப் போட்டவ நீதானட்டி,” என்றாள் தங்கமாரி. “பாரு.”

“வேலை போயிரும்ட்டி.”

“போவும்.”

ஓட்டுநர் ஆரன் அடித்தார். அவள் திரும்பவில்லை. சாலையைக் கடந்து, காஞ்சிபுரம் பேருந்து நிற்கும் பக்கம் போய் நின்றாள்.

தேர்வுக்கூட வாசலில் செல்போனைப் பையில் வைக்கும்முன் ஒருமுறை பார்த்தாள். ஜெபர்சன் நான்கு முறை அழைத்திருந்தார். அவளுடைய மன்னிப்பு வீடியோவின் கீழே, யார் யாரோ புதிதாக இதயப் படங்கள் போட்டிருந்தார்கள். ஒருத்தி, இவளைப் போலப் பாசக்காரி உண்டா என்று எழுதியிருந்தாள். தங்கமாரி செல்போனை அணைத்தாள். காவலரிடம் ஹால் டிக்கெட்டைக் காட்டிவிட்டு, தன் எண் ஒட்டியிருந்த மேசையைத் தேடி உள்ளே போனாள்.