ஐந்து நிமிடத் தேர்வு

சங்கரனுக்குச் சதுரங்கம் அலுத்துப்போய்ப் பத்து வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் அதை விட முடியாது. மாநிலப் போட்டிகளில் வென்ற இரண்டு கோப்பைகளைக் காட்டித்தான் இருபத்தொரு வயதில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்தார். மண்டல அணியின் நால்வரில் ஒருவராக இருக்கும்வரை இடமாற்றம் கிடையாது. பதினெட்டு வருடங்களாக அந்த நால்வரில் ஒருவராக இருந்துவந்தார்.

1999 ஜனவரியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தேர்வுக்காக ஊழியர்களை ஒரு வாரம் விட முடியாதாம். இனி அணித் தேர்வு ஒரே நாளில், ஆளுக்கு ஐந்து நிமிட ஆட்டங்களாக நடக்கும்; நேரம் தீர்ந்தால் தோல்வி. ஜூலையில் முதல் தேர்வு. சங்கரன் ஒரு நகர்த்தலுக்கே ஐந்து நிமிடம் எடுப்பவர்.

இடமாற்றம் வந்தால் தனியாகத்தான் போக வேண்டும். மகள் ஸ்ரீரஞ்சனிக்கு நான்கு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அடையாறு பக்கம் ஒரு பள்ளியில் அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். அம்மாவும் தினமும் வகுப்பில் கூடவே உட்கார வேண்டும் என்பது அங்கே விதி. அதற்காக மனைவி விஜயலக்ஷ்மி வேலையை விட்டிருந்தாள். காதில் கருவி மாட்டியிருந்தாலும், எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் குழந்தைக்குப் பேச்சு புரியும்.

“வெளியூர் போனா தினம் ஃபோன் பண்ணுவேளா?” என்று ஒருநாள் விஜயலக்ஷ்மி கேட்டாள். தட்டில் சாதம் போட்டுக்கொண்டே கேட்டாள். “எங்கிட்டப் பேசுவேள். அவகிட்ட?”

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

தி. நகரில், அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஜமீலுன்னிசா என்ற பெண்மணி பிரவுசிங் சென்டர் நடத்திவந்தார். சங்கரன் சாப்பாட்டு வேளையில் அங்கே போய், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களோடு இணையத்தில் வேக ஆட்டம் ஆட ஆரம்பித்தார். முதல் மாதம் பத்துக்கு ஒன்பது தோல்வி. பலகையில் தோற்றதைவிட நேரத்தில் தோற்றதே அதிகம். காயை நகர்த்தியதும் திரை நான்கைந்து விநாடி அசையாமல் நிற்கும். அவர் பதறிப்போய் மவுசைத் திரும்பத் திரும்ப அழுத்துவார்.

“இன்னா சார், அதப் போட்டுக் குத்திக்கினே கீறீங்க?” என்றார் ஜமீலுன்னிசா. “லைன் நம்ம பேச்சக் கேக்காது. கையக் கட்டிக்கினு குந்துங்க. வர்றப்போ வரும்.”

“நேரம் ஓடறதே.”

“அதப் பாத்தா ஒங்களுக்கு பிபிதான் ஏறும். நான் கரண்ட் மீட்டரப் பாக்கறனா? பாத்தா கடைய நடத்த முடியுமா?”

அந்த யோசனை உதவியது. திரையின் மூலையில் ஓடிய கடிகாரம் இணைப்பின் தாமதத்தால் சரியாகவும் காட்டுவதில்லை. அதைப் பார்ப்பதை அவர் நிறுத்தினார். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று இரண்டே தொடக்கங்களை வைத்துக்கொண்டார். மிகச் சிறந்ததைத் தேடாமல், கெடுதல் இல்லாத நகர்த்தலை உடனே ஆடப் பழகினார். ஆடியதும் கையைக் கட்டிக்கொள்வார். திரை உறைந்து நிற்கும் விநாடிகளில், எதிராளி என்ன ஆடினாலும் அதற்கான பதிலை முடிவு செய்து வைத்துவிடுவார். ஏப்ரலில் பாதிக்குப் பாதி வென்றார். ஜூன் கடைசியில் மூன்றுக்கு இரண்டு. தரப்புள்ளி 1400லிருந்து 1900க்கு ஏறியிருந்தது.

ஏறியதில் அவருக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. தேறினால் இன்னொரு வருடம் ஆட வேண்டும். தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டும்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மண்டல அலுவலகத்தின் உணவுக்கூடத்தில் நடந்தது. எட்டுப் பேர், ஏழு சுற்றுகள். விளையாட்டுச் செயலர் சண்முகசுந்தரம்தான் நடுவர். மேஜைக்கு ஒரு இரட்டைக் கடிகாரம். காயை நகர்த்திவிட்டுத் தன் பக்கத்துக் குமிழை அழுத்தினால்தான் தன் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடத் தொடங்கும். முதல் சுற்றிலேயே சங்கரன் அதை மறந்தார். ஐந்து மாதமாக அந்த வேலையைக் கணினி செய்துவந்தது. எதிரே இருந்த நெல்லூர் கிளைக்காரர் பழைய சிநேகிதர். கடிகாரத்தை விரலால் சுட்டினார்.

“ஓய், அமுக்கும். இல்லேன்னா சும்மாவே ஜெயிச்சுடுவேன்.”

எதிராளி இப்படிச் சொல்ல வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. சொல்லாமல் இருப்பதும் தவறில்லை. அதற்குப் பிறகு சங்கரன், நகர்த்து, அமுக்கு, நகர்த்து, அமுக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஆறாவது சுற்றுவரை ஆடி முடித்தார்.

மூன்று இடங்கள் முடிவாகிவிட்டன. நான்காவது இடத்துக்கு அவரும் ஹம்சினியும் சமமாக நின்றார்கள். கடைசிச் சுற்றில் இருவருக்குள்தான் ஆட்டம். ஹம்சினிக்கு இருபத்துமூன்று வயது; போன வருடம் அதே ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். கோபாலபுரத்தில் அப்பாவும் அவளும் மட்டும். இடமாற்ற விதி அவளுக்கும் அதேதான்.

இருபதாவது நகர்த்தல் வாக்கில் அவளுடைய குதிரை பலகையின் ஓரத்தில் மாட்டிக்கொண்டது. திரும்பி வர ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. சங்கரன் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி அதையும் அடைத்தார். அன்று ஆடியதிலேயே அதுதான் நல்ல நகர்த்தல். ஆடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

ஹம்சினி ஆடவில்லை.

குதிரையைக் காப்பாற்ற வழி தேடுகிறாள் என்று அவர் நினைத்தார். அவளுக்கு மூன்று வழிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தன் பதிலை முடிவு செய்துகொண்டார். எதிர்ப்பக்கம் அசையாமல் இருப்பது அவருக்குப் பழகிப்போயிருந்தது. பலகையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஹம்சினி ஒருமுறை நிமிர்ந்து நடுவரைப் பார்த்தாள். சண்முகசுந்தரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பலகையைப் பார்த்தாள்.

“சார்,” என்றாள் கடைசியில். “உங்க கொடி விழுந்துடுச்சு.”

கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் தீர்ந்தால் விழும் சிறிய சிவப்புத் தகடு, அவர் பக்கத்தில் விழுந்திருந்தது. அவருடைய குமிழ் அழுத்தப்படாமல் மேலேயே நின்றது.

சண்முகசுந்தரம் வந்து முடிவுத் தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். “ரூல் அப்படி சார். நான் வாயத் திறக்கக் கூடாது.” பிறகு ஒரு படிவத்தைக் கொடுத்தார். “போக விரும்பற மூணு ஊர் எழுதணும். இன்னைக்கே குடுத்துட்டா நல்லது. நாளைக்கு மத்தவங்க எழுதிடுவாங்க.”

கூடம் காலியாகிக்கொண்டிருந்தது. ஹம்சினி எழுந்து போகவில்லை.

“சொல்லிடலாம்னு ரெண்டு தடவை வந்தது சார், வாய் வரைக்கும்.”

“நானா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேம்மா.”

அது உண்மைதான். அவளுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

படிவத்தின் பின்பக்கத்தில் பதினோரு ஊர்களின் பெயர்கள் இருந்தன. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தார். பாதி ஊர்களுக்கு எப்படிப் போவது என்றே தெரியாது.

“குண்டக்கல் போடுங்க சார்,” என்றாள் ஹம்சினி. “சனிக்கிழமை ராத்திரி வண்டி ஏறினா ஞாயித்துக்கிழமை காலையில சென்ட்ரல். திரும்பறதுக்கும் அன்னைக்கு ராத்திரியே வண்டி இருக்கு. ரெண்டாவது கடப்பா. மூணாவது எதைப் போட்டாலும் ஒண்ணுதான்.”

“உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“போன வாரமே ஸ்டேஷனுக்குப் போய் விசாரிச்சு எழுதி வெச்சேன். எனக்காக.”

கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். ரயில்களின் பெயரும் நேரமும் சிறிய கையெழுத்தில் வரிசையாக இருந்தன. ஒரு ஊருக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாள். சங்கரன் அந்தப் பெயரைப் பார்த்துப் படிவத்தின் முதல் கட்டத்தில் எழுதினார்.