நல்லம்மாவின் சுமைதாங்கி

ஒன்பது வருஷத்துக்கு முன்னர் செத்துப்போன என் அக்கா எப்போது பழங்காலத்துச் சாமான் ஆனாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பிறக்கிராசி கனகரத்தினம் ஐயா கோட்டில் வழக்குப் பேசுகிறவர், படித்தவர், அவர் சொன்னால் சரி என்று ஊரே தலையாட்டியது. எனக்குத் தலை ஆடாது, வாய்தான் ஆடும்.

அக்கா நல்லம்மா வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு செத்தாள். பிள்ளையும் அவளோடேயே போய்விட்டது. அப்படிச் சாகிறவள் அந்தப் பாரத்தை இறக்க முடியாமல் அந்தரிப்பாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதற்காகத்தான் அவளை நினைத்துத் தெருவோரம் சுமைதாங்கி கட்டுவது. தலைச்சுமையோடு வருகிறவர்கள் அந்தக் கல்லின்மேல் சுமையை இறக்கி ஆறும்போதெல்லாம் செத்தவளுக்கும் கொஞ்சம் பாரம் குறையும். அக்காவின் புருஷன் மார்க்கண்டு அத்தான் கொடிகாமம் ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில், ரயில் கடவைக்குக் கிட்ட ஒன்று கட்டினார். மற்றச் சுமைதாங்கிகளில் பெயர் இல்லை. இவர் மட்டும் ஆசைப்பட்டு, ‘மார்க்கண்டு பெண்சாதி நல்லம்மா’ என்று வருஷத்தோடு வெட்டுவித்தார்.

ஸ்டேஷன் தெரு என்றால் சும்மாவா? மாங்காய், தேங்காய், வெற்றிலை என்று ஊர் விளைச்சல் முழுக்கத் தலையில் ஏறி அந்த வழியால்தான் ரயிலுக்குப் போகும். கச்சாயிலிருந்து மீன் கடகத்தோடு வருகிற மரியநாயகி வேதக்காரி, மாதாவைக் கும்பிடுகிறவள். ஆனாலும் கடகத்தை இறக்கும்போது, “பிடி பிள்ளை நல்லம்மா” என்று ஒரு சத்தம் போடாமல் இறக்கமாட்டாள். அதைக் கேட்டால் அத்தானின் முகம் தெளியும்.

பிறகு என்னை அத்தானுக்குக் கட்டிவைத்தார்கள். கட்டிய பிறகும் நான் அவரை அத்தான் என்றுதான் கூப்பிடுகிறேன். தோட்டத்தால் வருகிறவர் வீட்டுக்கு நேரே வரமாட்டார், கடவையடியில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் செத்தவளோடு சண்டை பிடிக்க முடியுமா? அதுவும் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவளோடு?

இந்த வருஷம் ரயில் வந்து கால் நூற்றாண்டு ஆகிறதாம். அதற்கு ஊரில் ஒரு பழமைச் சங்கம் தொடங்கி, பழைய இடங்களுக்கெல்லாம் பெயர்ப்பலகை வைக்கப் புறப்பட்டார்கள். கனகரத்தினம் ஐயாதான் தலைவர். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“உன்ரை கல்லைத்தான் தெரிஞ்செடுத்தனாங்கள், மார்க்கண்டு. மற்றதுகளிலை பேருமில்லை, வருஷமுமில்லை. பலகையிலை என்னத்தை எழுதுறது? இதிலை எல்லாம் வெட்டிக் கிடக்கு.”

நான் குசினிக்குள் இருந்தே கேட்டேன். “ஐயா, என்ரை அக்கா செத்து ஒன்பது வருஷந்தான். அதுக்குள்ளை பழசாப் போனாவோ?”

“ஆள் பழசில்லைப் பிள்ளை, வழக்கம் பழசு. லொறி வந்திட்டுது. இனி ஆர் உப்பிடிக் கல்லுக் கட்டப்போகினம்?”

அத்தான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “பலகையிலை அவவின்ரை பேர் வருமோ, ஐயா?”

“தமிழிலையும் வரும், இங்கிலீசிலையும் வரும்.”

அது போதும் அவருக்கு. திறப்புவிழா அன்று மேளம் அடித்தார்கள், கல்லுக்கு மாலை போட்டார்கள். அத்தான் புதுச் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அழுகை வந்தது.

அடுத்த கிழமை கல்லைச் சுற்றி ஆள் உயரத்துக்கு இரும்புக் கம்பி வேலி வந்தது. வேலியில் இன்னொரு பலகை: ‘இதன்மேல் சுமை வைத்தல் கூடாது.’ அட கறுமமே! சுமைதாங்கியில் சுமை வைக்கக் கூடாதாம்!

மரியநாயகிக்கு வாசிக்கத் தெரியாது. தலையில் கடகத்தோடு வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு என் படலையடிக்கு வந்து கேட்டாள். “பிள்ளை பூரணம், நல்லம்மாவை ஏன் மறியல்லை போட்டுப் பூட்டினவை?”

அதை அப்படியே அத்தானிடம் போய்ச் சொன்னேன்.

அத்தான் ஐயாவிடம் போனார். நானும் பின்னாலே போனேன்.

“சுமையை வைச்சு வைச்சுக் கல்லுத் தேயுது, மார்க்கண்டு. எழுத்து அழிஞ்சிடும். வேலி இருந்தால் இன்னும் நூறு வருஷத்துக்கு உன்ரை பெண்சாதி அதிலை நிப்பா.”

“நிப்பா, ஐயா. பாரத்தோடை நிப்பா,” என்றார் அத்தான்.

ஐயாவின் முகம் கறுத்துவிட்டது. மனிதர் பொல்லாதவர் இல்லை. சங்கத்தில் எல்லோருமாகச் செய்த முடிவை ஒருவராக மாற்ற ஏலாது என்றார். ஆனால் தெருவின் மற்றப் பக்கத்தில், சுமை இறக்க சீமெந்தால் புதிதாக ஒன்று கட்டுவித்தார். அதில் பெயர் இல்லை. இப்போது மீன், மாங்காய் எல்லாம் அதில்தான் இறங்குகின்றன. அக்காவின் கல்லில் காகம் இருக்கிறது.

இதெல்லாம் நடக்கும்போது நான் பிள்ளைத்தாச்சி. இப்போது எனக்கு எட்டாம் மாதம். கொண்டாடவேண்டிய மனிதர் என் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார். எனக்கும் பயந்தான். பயமில்லை என்று ஆருக்குக் கதை விடுவது?

நேற்று மாங்காய்க் கடகத்தோடு ஸ்டேஷனுக்குப் போனவரைக் காணவில்லை என்று தேடிப் போனேன். வேலிக்கு முன்னால், கடகம் தலையில் இருக்க அப்படியே நின்றார். ரயில் வந்து போய்விட்டது. எதிரே சீமெந்துக் கட்டு வெறுமையாகக் கிடந்தது. அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“இறக்குங்கோ அத்தான், நான் ஒரு கை பிடிக்கிறன்.”

“விசரி, பிள்ளைத்தாச்சி பாரம் தொடாதை!” என்று கத்தினார். கத்திவிட்டுக் கடகத்தோடு நிலத்தில் குந்தினார். மாங்காய்கள் தெருவில் உருண்டன. அவர் பொறுக்கவில்லை.

நானும் பக்கத்தில் மெதுவாக இருந்தேன். கம்பிக்குள்ளே அக்காவின் பெயர் நல்ல தெளிவாகத் தெரிந்தது.

“அத்தான், எனக்கும் ஏதும் நடந்தால் ஒரு கல்லுக் கட்டுவியள்தானே?”

“வாயைக் கழுவு.”

“இல்லை, சொல்லத்தான் வேணும். கட்டுங்கோ. சனம் போற வழியிலை கட்டுங்கோ. ஆனால் என்ரை பேரை மட்டும் அதிலை வெட்டிப்போடாதையுங்கோ.”

அத்தான் உருண்டு கிடந்த மாங்காய் ஒன்றை எடுத்துக் கடகத்தில் போட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ஓம்” என்றார்.