எல்லாரும் ஓ பாசிட்டிவ்

சகாயராணிக்கு அந்தக் கோபம் ஒரே நாளில் வந்ததல்ல. சாலை ரோடு என்ற தெருவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவள் வேலை பார்த்த சாப்ட்வேர் கம்பெனி. ஊரிலுள்ள ஒரு மருத்துவமனைக்கு ரத்தக் கொடையாளர் விவரங்களை டேட்டாபேஸில் டோனர் டேபிள் என்ற பட்டியலாக ஏற்றிக் கொடுத்தது அவள்தான். அந்த மருத்துவமனை சர்வருக்குள் நுழையும் பாஸ்வேர்டு ஆபீஸில் அத்தனை பேருக்கும் தெரியும். மாற்றுங்கள் என்று முதலாளி பழனிக்குமாரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்துப்போனது. ஒட்டன்சத்திரத்துக்காரரான அவர், "பார்த்துக்கலாமுங்க" என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

இரண்டாயிரத்து நாலாம் வருஷத்துக் கோடையில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு டப்பாவைத் திறக்கப்போன நேரம் போன் அடித்தது. மருத்துவமனை லேபைக் கவனித்துக்கொள்ளும் குர்ஷித் பேகம்.

"ராணிம்மா, என்னம்மா ஆச்சு உங்க புரோகிராமுக்கு? ஓ நெகட்டிவ்னு தேடுனா ஒருத்தர்கூட இல்லைங்குது. பிரசவத்துல ஒரு பொண்ணுக்கு ரத்தம் நிக்காமப் போயிட்டிருக்கு. மூக்காயின்னு பேரு. எங்ககிட்ட இருந்த ஒரு பாட்டிலும் ஏத்தியாச்சு."

"எல்லாரையும் காட்டச் சொல்லிப் பாருங்கக்கா."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு குர்ஷித் பேகத்தின் குரல் மாறியது. "எல்லாரும் ஓ பாசிட்டிவ்னு இருக்குதும்மா. ஏபி குரூப்புன்னு நானே எழுதிச் சேர்த்தவங்களும் ஓ பாசிட்டிவ்."

சகாயராணி போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். பிராங்கிளின் தன் கம்ப்யூட்டரில் எதையோ அவசரமாக மூடிக்கொண்டிருந்தான். சென்னையில் கோர்ஸ் முடித்துச் சான்றிதழோடு வந்து சேர்ந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. வரும் வாடிக்கையாளர்களிடமெல்லாம் பழனிக்குமார் அவனைத்தான் காட்டிப் பெருமை பேசுவார்.

"டோனர் டேபிளை யாரு தொட்டது?"

"நான் தொடலைக்கா" என்றான் பிராங்கிளின். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

பழனிக்குமார் நடுவில் புகுந்தார். "ஏனம்மா, எடுத்த எடுப்புல நம்ம பசங்க மேல பாயறே? ஆஸ்பத்திரிக்காரங்க எதையாச்சும் அமுக்கியிருப்பாங்க. முதல்ல அங்க என்னன்னு கேளு."

கேட்டாள். குர்ஷித் பேகமும் ஒவ்வொரு ஆளாக விசாரித்துவிட்டு வந்து யாரும் தொடவில்லை என்றார். அப்படியே அரைமணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சகாயராணி பொறுமையிழந்து, பிராங்கிளினை நாற்காலியோடு தள்ளிவிட்டு அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள்.

அவன் ஓட்டிய கட்டளைகள் அதில் வரிசையாகக் கிடந்தன. ஒரே ஒரு கொடையாளரின் ரத்த வகையை ஓ பாசிட்டிவ் என்று திருத்த வேண்டியிருந்திருக்கிறது. இரண்டு வரிக் கட்டளை. யாருக்கு என்று சொல்லும் இரண்டாவது வரியை விட்டுவிட்டு, மேல் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டியிருக்கிறான். ஓட்டியதைக் கேட்காமலேயே நிரந்தரமாக்கிவிடும் ஆட்டோ கமிட் வேறு போட்டு வைத்திருந்தான். அதனால் தப்பைக் கண்ட பிறகும் பின்வாங்க வழியில்லை. ஊரிலுள்ள அத்தனை பேர் ரத்தமும் ஒரு நொடியில் மாறிவிட்டது.

"ஏலே! தொடலைன்னு சொன்னே!"

பிராங்கிளின் சுவரைப் பார்த்தான். "பயமா இருந்துச்சுக்கா."

"உனக்குப் பயமா? அங்க ஒருத்தி செத்துக்கிட்டிருக்கா!" அவள் கத்தலில் கீழே மருந்துக்கடையிலிருந்து ஒருவர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "எத்தனை மணிக்கு ஓட்டுன? யோசிச்சுச் சொல்லு. பொய் சொன்னே, அடிச்சிருவேன்."

"பன்னெண்டு இருக்கும்."

பழனிக்குமார் அலமாரியிலிருந்து ஒரு சிடியை எடுத்தார். "சண்டையை விடுங்க. போன ஞாயித்துக்கிழமை பேக்கப் இருக்குது. அதை எடுத்துப் போட்டுரலாம்."

"போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆயிரும். இந்த வாரம் சேந்தவுக பூராப் பேரும் காணாமப் போவாக. அதைக் கீழ வைங்க சார்."

சார் என்ற சொல்லை அவள் சொன்ன விதத்தில் அவர் சிடியைக் கீழே வைத்துவிட்டார்.

டேபிளில் ஒரு வரியை, அதாவது ஒரு ஆளின் விவரத்தை, மாற்றும்போது பழைய வரியை டேட்டாபேஸ் உடனே தூக்கி எறிந்துவிடாது. கொஞ்ச நேரம் தனியே ஒரு மூலையில் வைத்திருக்கும். புதிய வேலைகள் வர வர அந்த மூலைக்கு மேலேயே எழுதிவிடும். அதுவரைக்கும், இன்ன நேரத்தில் இந்த டேபிள் எப்படி இருந்தது என்று கேட்டால் காட்டும். புதுப் பதிப்பில் வந்த அந்த வசதியைப் பற்றிச் சகாயராணி படித்திருந்தாள், ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை.

மருத்துவமனைக்குப் போன் போட்டாள். "அக்கா, அங்க எந்த கம்ப்யூட்டர்லயும் யாரும் புதுசா ஒண்ணும் ஏத்தக் கூடாது. கையை எடுக்கச் சொல்லுங்க. போனை வைக்காதீக."

பதினொரு மணிக்கு எப்படி இருந்தது என்று கேட்டாள். அவ்வளவு பழைய வரிகள் இப்போது இல்லை என்று பிழைச் செய்தி வந்தது. அரைமணி நேரம் வீணாகாமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்கும். பதினொன்றே முக்கால் என்று மாற்றி அடித்தாள்.

திரையில் வரிகள் இறங்கின. ஏ, பி, ஏபி. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

டேபிளை அவள் உடனே சரிசெய்யவில்லை. அந்தப் பழைய வரிகளை முதலில் வேறொரு டேபிளில் நகலெடுத்துப் பத்திரப்படுத்தினாள். அடுத்து ஓ நெகட்டிவ்காரர்களை மட்டும் எடுத்துப் போனில் வாசித்தாள். "தாடிக்கொம்பு வேலுசாமி. சித்தையன்கோட்டை கிதர் முகம்மது. நம்பரை எழுதிக்கங்கக்கா."

குர்ஷித் பேகம் எழுதிக்கொண்டு போனை வைத்த பிறகுதான் ரத்த வகைகளைத் திருப்பி ஏற்ற ஆரம்பித்தாள். ஏற்றுமுன் எத்தனை வரி மாறும் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டாள், கமிட்டைத் தன் கையால் கொடுத்தாள். டப்பாவில் சோறு காய்ந்து கிடந்தது.

நாலு மணி வாக்கில் பழனிக்குமார் மருத்துவமனை நிர்வாகியிடம் பேசுவது காதில் விழுந்தது. "நம்ம பொண்ணுதானுங்க, ஏதோ கவனக்குறைவா ஒண்ணு பண்ணிருச்சு. நானே கூட இருந்து சரி பண்ணிட்டனுங்க."

சகாயராணி எழுந்து போய் அவர் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"நான் சகாயராணி பேசுறேன். தப்பை நான் பண்ணலை. உங்க சர்வர் பாஸ்வேர்டு இங்க எல்லாத்துக்கும் தெரியும், அதான் தப்பு. நாளைக்கும் இதே நடக்கும். நீங்களே மாத்தி, நீங்களே வச்சுக்கங்க."

பழனிக்குமார் முகம் சிவந்துபோனார். "என்ற கம்பெனியில இருந்துட்டு என்னையே காட்டிக் குடுக்கறயா? நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

"சரி."

மறுநாள் அவள் வீட்டில் இருந்தபோது குர்ஷித் பேகம் ஆட்டோ பிடித்து வந்தார். வேலுசாமி பைக்கில் வந்து ரத்தம் கொடுத்தாராம். மூக்காயி கண் விழித்துவிட்டாள், பெண் குழந்தை. சகாயராணிக்கு அழுகை வந்தது. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றியாகிவிட்டது என்றும், இனி சர்வரைப் பார்த்துக்கொள்ள அவளையே மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பதாகவும் குர்ஷித் பேகம் சொன்னார்.

அந்த வேலைக்கு அவள் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே பிராங்கிளின் தேடி வந்தான். லேப் வாசலில் தயங்கி நின்றான்.

"அக்கா, அன்னைக்கு எப்படிப் பழசை எடுத்தீங்க? சார் எனக்கும் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருக்கார். தயவுசெஞ்சு சொல்லிக்குடுங்கக்கா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். விரட்டிவிடத்தான் நினைத்தாள். ஆனால் அவன் ஓட்டப்போகும் அடுத்த கட்டளை எந்த ஆஸ்பத்திரியுடையதோ என்று தோன்றியது.

"உக்காரு. முதல்ல ஆட்டோ கமிட்டை எப்படி எடுக்குறதுன்னு பாரு" என்றாள். "உன் மேல இருக்குற கோவம் போயிருச்சுன்னு மட்டும் நெனச்சுக்கிறாத."