மூணுதரம் மேடம்

ஆய்வகத்துப் பிள்ளைகள் பேராசிரியைக்கு வைத்திருந்த பெயர் மூணுதரம் மேடம். எந்தச் சோதனையானாலும் மூன்று தரம் செய்து, மூன்றிலும் ஒரே விடை வந்தால்தான் அவரிடம் வாயைத் திறக்கலாம். ஒரு தரம் பார்த்துவிட்டு ஓடிவந்தால், "கனவு கண்டியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார். பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டினால் என்ன, உள்ளுக்குள் அதில் அவருக்குப் பெருமைதான். அந்தப் பெருமையில் மண் விழுந்த கதை இது.

அவரிடம் மீன்காரர் என்று ஒருவர் வேலை பார்த்தார். மீன் விற்பவர் இல்லை, முனைவர் பட்டம் வாங்கியவர். இந்தப் பல்கலைக்கழகம் ஏற்பாடு செய்த விசாவில், மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளுமாக வெளிநாட்டிலிருந்து வந்தவர். விரல் நீளம்கூட இல்லாத கோடு போட்ட மீன்களைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்து, அறுந்த வால் எப்படித் திரும்ப முளைக்கிறது என்று ஆராய்வது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் வந்து நிற்பார். கேட்டால், "மீனுக்கு லீவு கிடையாதே மேடம்" என்பார்.

அவர் சம்பளம் எந்த ஆராய்ச்சி நிதியிலிருந்து வந்ததோ, அது அடுத்த வருடத்துக்கு இல்லை என்று செய்தி வந்தது. அன்றைக்கே மேடம் நாலு எட்டு வைத்துப் பக்கத்து அறைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னாரா? ஒரு தரம் மறுத்தால் அது மறுப்பாகிவிடுமா என்ன! வேறொரு இடத்தில் விண்ணப்பித்தார். அவர்களும் கையை விரித்தார்கள். மூன்றாவது இடத்துக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"அந்த மனுஷன்கிட்ட சொல்லிட்டியா?" என்று வீட்டில் கணவர் கேட்டார்.

"முடிவு தெரியாம சொல்லி, பாவம், அவர் தூக்கத்தையும் எதுக்குக் கெடுக்கணும்?"

"நல்ல எண்ணந்தான்," என்று கணவர் தட்டைத் துடைத்து வைத்தார். அதில் குத்தல் இருந்ததா என்று மேடம் யோசிக்கவில்லை.

மூன்றாவது இடமும் இல்லை என்றது. அதன் பிறகுதான் மேடம் விசாப் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்த அம்மாள் காரியத்தில் கெட்டி.

"பாதியில முடிக்கறது நாம. அதனால குடும்பம் ஊர் திரும்புற டிக்கெட் நம்ம பொறுப்பு. அவர் மேல ஒரு குறையும் இல்லைன்னு எழுதிக் கொடுக்கணும். வேலை போச்சுன்னா விசாவும் போச்சு. அதுக்குள்ள வேற இடம் அமைஞ்சா நானே மாத்தி விட்டுடுவேன். எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அவருக்கு அவ்வளவு நல்லது."

மேடம் தலையாட்டினார். அதன்பின் அவர் செய்ததைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. மீன்காரர் மகளின் பள்ளிக்கூடம் விடுமுறை விடும்வரை வேலையை நீட்டச் சொல்லி டீனிடம் மல்லுக்கு நின்றார், ஜெயித்தார். ஆராய்ச்சிக் கட்டுரையில் மீன்காரர் பெயர்தான் முதலில் வரும் என்று முடிவு செய்தார். தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு இவருக்காகப் பேசினார். எல்லாம் பக்காவான பிறகு மீன் அறைக்குப் போய், தண்ணீர் பம்பு இரைகிற சத்தத்தில் விஷயத்தைச் சொன்னார்.

மீன்காரர் கையில் தீனி டப்பாவோடு நின்று கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் கோபப்படவில்லை.

"இதைவிட நியாயமா யாரும் செய்ய மாட்டாங்க மேடம்," என்றார்.

மேடத்துக்கு மூச்சு வந்தது. அதோடு அவர் நிறுத்தியிருந்தால் கதையே இல்லை.

"எனக்குக் கொடுத்து வைக்கல, அவ்வளவுதான். வேற ஒரு யுனிவர்சிட்டில கூப்பிட்டாங்க. விசாவும் மாத்திக்கறோம்னாங்க. இங்க ஏதாவது சிக்கல்னா நீங்க சொல்லாம இருப்பீங்களான்னு வேண்டாம்னுட்டேன். இப்ப அங்க வேற ஆள் சேர்ந்தாச்சு."

"எப்ப கூப்பிட்டாங்க?"

"கீழ்த்தளத்துல மழைத்தண்ணி பூந்து, தொட்டியெல்லாம் மேல தூக்கிட்டு வந்தோமே, அந்த வாரம்."

அந்த வாரம் மேடத்துக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு தொட்டியை மேடம் ஒரு பக்கமும் மீன்காரர் மறுபக்கமுமாகப் பிடித்து, ஈரக்காலோடு படியேறினார்கள். "பாத்து மேடம், பாத்து மேடம்" என்று படிக்குப் படி அவர் சொல்லிக்கொண்டே வந்தார். முதல் மறுப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்ற மேடத்துக்கு அது தெரியும். அந்தப் பக்கம் நின்றவருக்குத் தெரியாது.

சொல்லாமலே விட்டுவிடலாம். யார் வந்து கேட்கப் போகிறார்கள்? ஆனால் மனசாட்சி என்று ஒன்று இருந்து தொலைக்கிறதே.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் மேடம்.

"என்ன தெரியும்?"

"நிதி இல்லைன்னு. மூணு எடத்துலயும் பாத்துட்டு சொல்லலாம்னு இருந்துட்டேன். தப்புதான். மன்னிச்சுடுங்க."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மீன்காரர் டப்பாவை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார்.

"ஒரு தரம் சொல்லியிருந்தா போதுமே மேடம்," என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் மேடத்துக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

தீனிக்குக் காத்திருந்த மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. 

"பொண்ணுகிட்ட இப்ப மூச்சு விடப்போறதில்ல," என்றார் அவர் கடைசியில். "ஸ்கூல் கூடைப்பந்து டீம்ல அடுத்த வருஷத்துக்கு எடம் கெடச்சிருக்குன்னு வீடே ரெண்டுபடுது. நாலு எடத்துல எழுதிப் போடுறேன். ஒண்ணும் அமையலன்னா அப்புறம் சொல்லிக்கலாம். இப்பவே சொல்லி, பாவம், அவ தூக்கத்தை ஏன்..."

"ஐயோ, வேண்டாம்!" என்று மேடம் அவர் கையைப் பிடித்துவிட்டார். இத்தனை வருடத்தில் மேடம் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. "இன்னிக்கே சொல்லிடுங்க. இந்த நிமிஷமே போங்க. அவளும் அவ யோசனையப் பண்ணிக்கட்டும்."

 மீன்காரர் தீனி டப்பாவை மேடத்தின் கையில் வைத்துவிட்டு, மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பாதித் தொட்டிகளுக்கு இன்னும் தீனி போடவில்லை.

எந்தத் தொட்டிக்கு எவ்வளவு என்று மேடத்துக்குத் தெரியாது. கேட்கலாம் என்று வாசலுக்கு ஓடிவந்தார். அவர் படியிறங்கிப் போய்விட்டிருந்தார்.