பேச்சுத் தேர்வுக்கு வரவில்லை

பிரெஞ்சு நுழைந்த நாளிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. யாருக்கும் என்றால் இரண்டே பேர்தான்: ஆபரேஷன் தியேட்டர் நர்ஸான அவள், ஏசி மெக்கானிக்கான அவள் கணவன். வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவளுக்கு வேலை தருவதாகச் சொல்லி, கூடவே ஒரு நிபந்தனையையும் போட்டிருந்தது. பிரெஞ்சு மொழித் தேர்வில் அவள் பி2 நிலை தேற வேண்டும். கூட வரும் புருஷன் ஏ1 ஆவது தேற வேண்டும். ஏ1 என்பது அடிமட்டம். பெயர், ஊர், தொழில் என்று நாலு வார்த்தை சொல்லத் தெரிந்தால் ஒப்பேற்றிவிடலாம். பி2 அப்படியில்லை. ஒரு தலைப்பைக் கொடுத்து, ஏதாவது ஒரு பக்கம் நின்று வாதாடச் சொல்வார்கள். வாதாட அவளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அவன், இருவரும் படித்த பயிற்சி மையத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

அவனோ புத்தகத்தை ஸ்பானர் பையில் திணித்துக்கொண்டு போவான், வருவான். கேட்டால் படித்தேன் என்பான், அதற்கு மேல் வாய் திறக்க மாட்டான். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் கரையேறின மாதிரிதான் என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

தினமும் சாயங்காலம் அவனைப் பரீட்சகராக மேசைக்கு எதிரே உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசிப் பழகுவாள். அவனுக்கு ஒன்றும் புரியாது என்பது அவளுக்கு வசதியாக இருந்தது. புரியாதவன் முன்னால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாதிரித் தாளில் ஒரு தலைப்பு வந்தது: தம்பதியில் ஒருவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தால் மற்றவரும் கூடப் போகத்தான் வேண்டுமா? அவள் 'வேண்டாம்' பக்கம் எடுத்துக்கொண்டாள். தனியாகப் போகிறவள் வேகமாகப் போவாள். ஒருவரை இழுத்துக்கொண்டு போனால் இரண்டு பேருமே தேங்கிப்போவார்கள். சில கல்யாணங்களில் பிரியம் எப்போதோ வற்றி, பழக்கம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவன் வழக்கம்போலத் தலையாட்டிக் கேட்டான்.

முடிவு வந்த அன்று காலையில் அவள் மட்டும் மையத்துக்குப் போனாள். பி2 பட்டியலில் அவள் தேறியிருந்தாள். கால் தரையில் நிற்கவில்லை. அப்படியே ஏ1 பட்டியலுக்கு வந்தாள். கேட்டலில் இருபத்தைந்துக்கு இருபத்து நாலு, வாசித்தலில் இருபத்தைந்து, எழுதுதலில் இருபத்து மூன்று. பேச்சுக்கு நேராக 'வரவில்லை' என்று இருந்தது. ஒரு பகுதியில் முட்டை என்றால் மொத்தமும் போச்சு. அடுத்த பரீட்சைக்கு நாலு மாதம் இருந்தது. அவள் வேலையில் சேர வேண்டியதோ அடுத்த மாதம்.

இது எப்படி என்று மையத்து டீச்சரிடம் கேட்டாள். டீச்சர்தான் அவளை விசித்திரமாகப் பார்த்தார். ஏ1 புத்தகத்தை அவன் முதல் மாதமே முடித்துவிட்டானாம். மனைவி பேசுவதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்று மேல்நிலைப் பாடங்களையும் ஒலிப்பதிவுகளையும் கேட்டு வாங்கிப் போனானாம்.

நேரே அவன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். அவன் குத்துக்காலிட்டு ஃபில்டர் கழுவிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, பேச்சுத் தேர்வுக்கு ஏன் போகல?"

"நீதான சொன்ன, தனியாப் போனா வேகமாப் போகலாம்னு."

"அது பரீட்சைக்காகச் சொன்னதுங்க. ஏதாவது ஒரு பக்கம் எடுத்துத்தான ஆகணும்? மனசுலேருந்தா சொன்னேன்?"

அவன் குழாயை மூடினான். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"மத்த தலைப்புக்கெல்லாம் மூணு வார்த்தைக்கு ஒரு தடவ நின்னு யோசிப்ப. அன்னைக்குப் பத்து நிமிஷமும் ஒரு எடத்துலகூட நிக்கலியே."

இல்லைங்க என்று சொல்ல வாயெடுத்தாள். சொந்த மொழியிலேயே அது வரவில்லை.