இஞ்சாருங்கோ

ஜெயரூபிக்குக் கலியாணம் ஆகவில்லை. ஆனால் ஒரு புருஷன் இருந்தான். அவனுக்குப் பெயர் "இஞ்சாருங்கோ."

முல்லைத்தீவுப் பக்கத்து நூலகமொன்றுக்கு வேலை மாற்றம் கிடைத்து, தண்ணீரூற்றில் தனியே வாடகை வீடெடுத்த புதிதில் அவளே உண்டாக்கிய புருஷன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? வாசற் படலையில் ஓர் ஆண்குரல் கேட்டால் போதும், வெறும் வீட்டைத் திரும்பிப் பார்த்து, புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி, "இஞ்சாருங்கோ, ஆரோ வந்திருக்கினம்!" என்று கத்துவாள். வந்தவர் உடனே குரலைத் தாழ்த்தி, இரண்டடி பின்னால் போய், மரியாதைக்காரராகிவிடுவார். நாற்பது வயதுவரை படித்தும் உழைத்தும் அவளுக்குக் கிடைக்காத மரியாதையை, இல்லாத ஒருவன் கட்டிலில் கிடந்தபடியே சம்பாதித்தான். அந்த எரிச்சல் அவளுக்கு நிறையவே இருந்தது.

போதாததற்கு, "அவருக்கு மீன் மணம் ஒத்துவராது" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மீன்காரர் அந்தப் படலையில் நிற்பதேயில்லை. இல்லாத புருஷனுக்காக அவள் பருப்போடு சோறு தின்றாள்.

அந்த ஒழுங்கையில் மற்ற வளவுகளெல்லாம் இன்னும் ஆளில்லாத பற்றைக்காடு. வேலிக்கு அந்தப் பக்கம் மட்டும் ஸுஹறா இருந்தாள். இடம்பெயர்ந்து புத்தளத்தில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, தாய்வழிக் காணிக்குத் திரும்பி வந்தவள். "இஞ்ச பாருங்க, தேத்தண்ணி ஆறுது!" என்று அவள் உள்ளே பார்த்துக் கூப்பிடுவது தினமும் கேட்கும். அந்த மனுசன் வெளியே தலைகாட்டியதில்லை. படுக்கையில் கிடக்கிற வருத்தக்காரனாக்கும் என்று ஜெயரூபி நினைத்துக்கொண்டாள். பின்னேரங்களில் இருவரும் பூவரச வேலியின் இரு பக்கமும் நின்று கதைப்பார்கள். உள்ளே வரச்சொல்லி ஒருத்தி மற்றவளைக் கேட்டதில்லை. வீட்டில் ஆம்பிளை இருக்கும்போது எப்படிக் கேட்பது?

ஒருநாள் நூலகத்துக்கு வந்த சஞ்சிகையில் யப்பானியக் கதையொன்றை வாசித்தாள். தனியே வாழும் பெண் ஒருத்தி, கள்வருக்குப் பயந்து ஓர் ஆண்சட்டை வாங்கிக் கொடியில் போடுகிறாள். சில நாளில் சட்டை தேநீர் கேட்கிறது. பிறகு கறிக்கு உப்புக் காணாது என்கிறது. கடைசியில், இவ்வளவு நேரமும் எங்கே போனாய் என்று அதட்டுகிறது.

ஜெயரூபி வாயைப் பொத்திக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நிமிர்ந்து பார்த்தால் மேசைகளில் ஒருவருமில்லை. ஒரு பகிடியைச் சொல்ல ஆளில்லாமல் இருப்பது பசியைவிடக் கெட்டது. ஸுஹறாவிடம் சொல்லலாம்தான். சொன்னால் கட்டாயம் தன்னுடைய பொய்யும் கூடவே வாயில் வந்துவிடும். பேசாமல் விழுங்கிக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை காலை கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் மடங்கி, எழும்ப முடியவில்லை. போன் குசினிக்குள் அடுப்படியில் கிடந்தது. நோவில் வாயில் வந்தது பழகிய சொல்தான்.

"இஞ்சாருங்கோ!"

வேலிக்கு அப்பால் ஸுஹறா சட்டி தேய்க்கும் சத்தம் சற்று நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது. பெண்சாதி புருஷனைக் கூப்பிடுகிறாள், இடையில் அடுத்த வீட்டுக்காரிக்கு என்ன வேலை?

"இஞ்சாருங்கோ!"

வெயில் ஏறியது. எத்தனையோ முறை பதில் வராத அந்தச் சொல்லுக்கு அன்றுதான் அவள் அழுதாள். இல்லாதவன்மேல் கோபம்கூட வந்தது. சொல்வதற்கு இன்னொரு வசனம் இருந்தது. படலை தாண்ட விடாமல் அவள் காத்துவந்த வசனம். ஊரே கேட்டாலும் கேட்கட்டும்.

"ஸுஹறாக்கா! என்ர வீட்டில ஒருத்தரும் இல்லை! ஒருநாளும் இருந்ததில்லை!"

சட்டி விழுந்து உருண்டது. ஸுஹறா வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தாள், முக்காட்டில் பூவரசம் இலை ஒட்டியிருந்தது. அள்ளித் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"உங்கட அவரைக் கூப்பிடுங்கோவன் அக்கா, ஒரு கை பிடிக்கட்டும்."

ஸுஹறா கையிலிருந்த சாம்பலை உடுப்பில் துடைத்தாள்.

"அவர் புத்தளத்தில, தங்கச்சி. நான் விட்டுட்டு வந்திட்டன். நானும் வெறும் வீட்டைத்தான் கூப்பிடுறன்."

இருவரும் அந்த ஈரத்திலேயே இருந்துவிட்டார்கள். இரண்டு வெறும் கட்டில்களுக்கு மரியாதை கொடுத்து, இவ்வளவு காலம் வேலியோரம் கால்கடுக்க நின்றிருக்கிறார்கள். ஜெயரூபிக்கு நோவோடு சிரிப்பும் வந்தது. அந்த யப்பான் கதையைச் சொல்லத் தொடங்கினாள். சட்டை தேநீர் கேட்டது, உப்புக்குக் குறை சொன்னது, எங்கே போனாய் என்று அதட்டியது, ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டு ஸுஹறா சிரிப்பாள் என்று காத்திருந்தாள்.

ஸுஹறா சிரிக்கவில்லை. வீங்கிய காலுக்குத் தண்ணீர் வார்த்தபடி யோசித்தாள்.

"அந்தச் சட்டை அவளுக்கு அடிக்கல்லையா?"

"இல்லை, அக்கா."

"அப்ப நல்ல சட்டை," என்றாள் ஸுஹறா.