கடிகாரம் மட்டும் கேட்டவர்

அக்காவும் நானும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாஃப்ட்வேர் லைப்ரரி எழுதுகிறவர்கள். கடிகாரம் காட்ட, வரைபடம் போட, பிரிண்ட் எடுக்க என்று மற்ற புரோகிராமர்கள் எடுத்துப் பொருத்திக்கொள்ளும் நிரல்கள். எல்லாம் ஒரே பொட்டலமாக இருக்க வேண்டும் என்பது அக்காவின் கட்சி. வேண்டியவர் வேண்டியதை மட்டும் எடுக்கட்டும் என்பது என் கட்சி. மல்லுக்கு நின்று, போன மாதம் எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பிரித்தேன்.

"இது ஓடலேன்னா நான் வேலைக்குப் போயிடுவேன்டி. வெளியூர்ல கூப்பிடறாங்க" என்றாள் அக்கா. போயேன் என்று வீம்புக்குச் சொல்லிவிட்டேன். உள்ளுக்குள் பயம்தான்.

முதலில் வாங்கியவர் பஸ் நிறுத்தத்துக்கு மின்பலகை செய்கிறவர். பலகைக்குள் இருக்கும் சிப்பில் இடம் ரொம்பக் கம்மி. கடிகாரத் துண்டை மட்டும் கொடுத்தேன். இன்று காலை போன் வந்தது.

"கடிகாரம் மட்டும்தானே மேடம் கேட்டேன்? வரைபடம், பிரிண்ட்டு எல்லாம் கூடவே வந்திருக்கு. இடம் பத்தாம போர்டே நின்னு போச்சு. சாயங்காலத்துக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கடிகாரத்தைத் திறந்தால் உள்ளே மூன்றே வரி. மீதி எங்கே? 'பொது' என்ற துண்டில் இருந்தது. ஒரே வேலையை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது என்று நானே உண்டாக்கிய துண்டு. இதுவும் பொது, அதுவும் பொது என்று தள்ளித் தள்ளி, எல்லாமே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. எதைத் தொட்டாலும் பொது வரும், பொது வந்தால் மொத்தக் குடும்பமும் வரும். தனிக்குடித்தனம் போனவள் மூன்று வேளையும் தாய்வீட்டில் சாப்பிடுகிற கதைதான்.

பழைய வாடிக்கைக்காரர்களுக்காக அக்கா இன்னும் விடாமல் வைத்திருந்த ஒரே பொட்டலத்தை எட்டிப் பார்த்தேன். என் துண்டுகளின் பெயர்களைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை.

"நீதான் எல்லாத்தையும் பிரிச்சிட்டியே, நான் வேற என்னத்த வைக்கிறது?" என்றாள்.

பிரித்ததாக நினைத்த என்னிடம் எல்லாம் மொத்தமாகக் கிடக்கிறது. மொத்தமாக வைத்திருப்பவளிடம் ஒன்றுமில்லை. யார் எந்தக் கட்சி என்றே எனக்குத் தெரியவில்லை.

அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். கடிகாரத்துக்கு வேண்டிய சில வரிகளைப் பொதுவிலிருந்து காப்பி எடுத்துக் கடிகாரத்துக்குள்ளேயே வைத்தாள். எல்லாம் அவள் எழுதிய வரிகள். பிறகு பொதுவோடு இருந்த இணைப்பை வெட்டிவிட்டாள்.

"ஒரே விஷயம் ரெண்டு இடத்துலயா? அசிங்கம்க்கா."

"இருந்துட்டுப் போகட்டும்."

மதியமே பலகைக்காரர் படம் அனுப்பினார். பலகையில் மணி ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடிடுச்சுல்ல! இனிமே எங்கயும் போக மாட்டதானே?" என்று குதித்தேன்.

"வெளியூர் வேலைக்கு நேத்தே சரின்னு சொல்லிட்டேன்டி."

போன் வருவதற்கு முன்பேவா? மறுபடியும் குழம்பிப்போனேன். "பின்ன எதுக்கு உக்காந்து இதைச் சரி பண்ண?"

"நான் இல்லாமலும் ஓடணும்ல?"

எனக்கு அழுகையாக வந்தது. பிரித்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான்.